எண்பத்தேழில் ஒரு பங்கு

பகலெல்லாம் பல் செய்கிறேன்.
தோ பாயோவில், மருந்துக் கடைக்கு மேல்மாடியில்,
முகம் தெரியாதவர்களின் கடைவாய்க்குப்
பீங்கான் மூடிகள்.
இரவில் ரயில்.

பார்சல் வந்தது பிப்ரவரியில்.
பிரித்தால் ரயில் இல்லை.
பித்தளைத் தகட்டில் பொறித்த சன்னல்கள்,
ஒரு பொட்டலம் திருகாணி,
கடுகைவிடச் சிறிய கைப்பிடிகள் நாற்பத்திரண்டு,
செக் மொழியில் ஒரு விளக்கத்தாள்.
"இதுவா முந்நூற்றுப் பத்து வெள்ளி?"
என்றார் செங்குட்டுவன்.
இது பயணிகள் பெட்டி மட்டும்தான், என்ஜின் தனி
என்பதை நான் அன்றைக்குச் சொல்லவில்லை.

இடுக்கியிலிருந்து ஒரு கைப்பிடி தெறித்தால்
வீடே அசையாமல் நிற்கவேண்டும்.
மின்விசிறியை நிறுத்தி,
கைப்பேசி விளக்கைத் தரையோடு சாய்த்து
முட்டிபோட்டுத் தேடுவேன்.
கிடைத்தவை:
மகளின் தோட்டுத் திருகு, இரண்டு அரிசி,
எப்போதோ பொரிந்த பல்லிமுட்டையின் ஓடு.
கைப்பிடிகள் நாற்பத்தொன்றுதான்.
போனதற்குப் பதிலாக ஒன்றைப்
பல்லுக்குக் கட்டும் கம்பியை வளைத்துச் செய்தேன்.
எது அது என்று இப்போது எனக்கே தெரியாது.

சாயம்தான் வழிக்கு வரவில்லை.
இந்த ஊர்க் காற்றில் பாதி தண்ணீர்.
டிசம்பர் மழையில் அடித்த மெரூன்
காலையில் பார்த்தால்
திருநீறு பூசிக்கொண்டு நின்றது.
தேய்த்து எடுத்து மறுபடி அடித்தேன்,
மறுபடி பூத்தது.
மூன்றாவது முறை,
தட்டு உலர்த்தும் மின்பெட்டியிலிருந்து
சாம்பார்க் கிண்ணங்களை வெளியே எடுத்துவிட்டு
ரயிலை உள்ளே வைத்தேன், நாற்பது டிகிரியில்.
இரண்டு வாரம் காகிதத் தட்டில் சாப்பிட்டோம்.

தின்னர் நெடி தாளாமல்
பக்கத்து வீட்டுத் திருமதி கோ கதவைத் தட்டினார்.
நான் மன்னிப்புக்கு வார்த்தை தேடுவதற்குள்
மேசைமேல் குனிந்து,
மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
"கழிவறை எங்கே?" என்றார்.
பாலேடு படிந்தாற்போல் மங்கலாக்கிய
கடைசிச் சன்னலைக் காட்டினேன்.
சரிதான் என்று தலையாட்டினார்.
இனி பத்து மணிக்கு முன்னால் அடித்து முடி என்று
சொல்லிவிட்டுப் போனார்.

கூரைக்கு வெள்ளை.
தூய வெள்ளை என்பது விளம்பரப் பல்,
எந்த வாயிலும் அது முளைத்ததில்லை,
எந்தக் கூரையிலும் அது நிலைத்ததில்லை.
பட்டறையின் நிற அட்டையை வைத்து ஒப்பிட்டு
ஏ-மூன்றரை எடுத்தேன்:
நாற்பது வருடம் கோப்பி-ஓ குடித்தவரின்
கோரைப்பல் நிறம்.
அது பொருந்தியது.

பயணிகள் முப்பத்தாறு பேர்.
ஒருத்திக்கு மஞ்சள் பாஜு,
ஒருவருக்குப் பளபளக்கும் வழுக்கை,
தூங்குகிறவருக்குத் திறந்த வாய்
(பல் வைக்கவில்லை, சத்தியமாக).
எல்லாரையும் இருக்கையில் ஒட்டி,
கூரையைப் பிசினால் மூடி,
ரப்பர் வளையம் போட்டு இறுக்கிவிட்டுப் படுத்தேன்.

காலையில் வெட்டுப்பாயின் ஓரத்தில்
ஒருவர்.
நீலச் சட்டை, மடியில் பை.
உட்கார்ந்த வாக்கிலேயே இருந்தார்,
கீழே இருக்கை இல்லாமல்.

கூரை இனித் திறக்காது.
திறந்தால் மெரூன் உரியும், டிசம்பர் திரும்ப வரும்.
விளக்கைப் பிடித்து எட்டிப் பார்த்தேன்:
நான்காம் சன்னலில் காலி இடம்.
எதிரே மஞ்சள் பாஜு
காலை நீட்டிக்கொள்ளலாம்.

பட்டறையில் கழித்துப் போட்ட கடைவாய்ப் பல் ஒன்றை
கொண்டுவந்து கவிழ்த்து வைத்து
அவரை அதன்மேல் உட்காரவைத்தேன்.
அளவு சரியாக இருந்தது.

எங்கள் ரயில்பாதை தொண்ணூறு சென்டிமீட்டர்,
இஸ்திரி மேசையின்மேல்.
என்ஜின் ஏதோ ஒரு கிடங்கில் கிடக்கிறது,
வரும் வரைக்கும் என் சுட்டுவிரல்தான்.
தள்ளுகிறேன்; சன்னல்கள் அவரைக் கடக்கின்றன.
இழுக்கிறேன்; மறுபடி கடக்கின்றன.
அவர் பையைத் தூக்கவில்லை,
எழுந்திருக்கவும் இல்லை.

மணி பத்தாகிறது.
செங்குட்டுவனின் நாளைய சட்டை
நாற்காலி முதுகில் தொங்குகிறது.
சுருக்கத்தோடு போகட்டும்.